செவ்வரளியும் இரண்டு கோடுகளும்

நம் ஆய்வகத்தின் வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் மாங்கன்று நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த உங்களில் சிலர் அது அழகுக்கு என்று நினைத்திருப்பீர்கள். சிலர் வாஸ்து என்று நினைத்திருப்பீர்கள். நம் முதலாளியை அறிந்தவர்கள் அப்படி நினைத்தால் குற்றமில்லை. அந்தக் கன்று காய்ப்பதற்காக வைத்ததல்ல, கிள்ளுவதற்காக வைத்தது. ஒவ்வொரு முறை சோதனைக் கருவிகள் பெட்டியில் அடைபடுவதற்கு முன்பும் அதிலிருந்து ஒரு இலை போகிறது. ஏன் என்று விதிமுறைக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. எழுதினால் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், காரணம் கேட்பார். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், எனக்கு இனி சம்பள உயர்வு கிடையாது. எனவே சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டி ஆர்.என்.ஏ. எழுதுவது என் வேலையாக இருந்தது. கிரிஸ்பர், அதாவது மரபணுவை வெட்டும் உத்தி, என்றால் வெளியில் எல்லோரும் மனிதனையே வெட்டி ஒட்டித் திருத்துவது என்று நினைக்கிறார்கள். என் வேலை தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டவை பல. வழுக்கைக்கு ஏதாவது வழி உண்டா, பிறக்கப்போகும் பேரனுக்கு நிறம் கொஞ்சம் கூட்ட முடியுமா, மருமகளின் வாயை மட்டும் தனியாக எடுத்துவிட முடியுமா. நாங்கள் செய்தது இவ்வளவு பெரிய காரியம் அல்ல. தென்னைக்கு வரும் வாடல் நோயைத் தோப்பிலேயே கண்டுபிடிக்க ஒரு சிறிய கருவி. அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பாணியில் ஒருமுறை சொல்கிறேன். கத்திரி என்று நாம் சொல்லும் புரதத்துக்குக் கண் கிடையாது. அதன் கையில் ஒரு முகவரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். அதுதான் வழிகாட்டி. நோய்க்கிருமியின் மரபணுவில் அந்த முகவரி இருந்தால் கத்திரி போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த வேகத்தில் வெறி பிடித்ததுபோல் அக்கம்பக்கத்து மரபணு இழைகளையும் வெட்டித் தள்ளும். அந்த வெட்டு காகிதப் பட்டையில் கோடாகத் தெரியும். ஒரு கோடு என்றால் நோய் இல்லை, இரண்டு என்றால் உண்டு. கர்ப்பத்துக்குப் பார்க்கும் பட்டையைப் போலத்தான். இந்த ஒற்றுமையை மறக்காதீர்கள், பின்னால் அது எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

கத்திரி எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளும் அல்ல. முகவரியின் ஆரம்பத்தைக் கவனமாகப் பார்க்கும். கடைசியில் ஓரிரு எழுத்து முன்பின் இருந்தால், இதுவாகத்தான் இருக்கும் என்று கதவைத் தட்டிவிடும். காந்திபுரத்தில் ஆறாம் வீதிக்கு வந்த பார்சலை ஏழாம் வீதியில் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். அதனால் அந்த முகவரி ஊரில் வேறு யாருக்கும் இல்லாததாகப் பார்த்து எழுத வேண்டும். என் தொழிலே இதுதான்.

இந்தத் தொழிலில் எனக்குக் குருவாக வாய்த்தவர் ஒரே ஒரு உபதேசம்தான் செய்தார். "அம்மணி, ரிசல்ட் நல்லா வந்துருச்சுன்னா ரிப்பீட் பண்ணாதீங்க. கெட்டுப்போயிரும்." அவர் மிக உயர்ந்த பதவியில் ஓய்வு பெற்றார்.

நம் முதலாளியின் குடும்பம் நூற்பாலையிலிருந்து பம்புசெட்டுக்கு வந்து, பம்புசெட்டிலிருந்து உயிர்த்தொழில்நுட்பத்துக்கு வந்தது. மூன்றையும் அவர் ஒரே மாதிரி நடத்தினார்: மரியாதையாக. எங்கள் கூட்டங்களில் யாரும் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. 'முடியாது' என்பதை 'பார்க்கலாமுங்க' என்போம். 'தப்பு' என்பதை 'இதுவும் ஒரு வழிதானுங்க' என்போம். 'பெரிய ஆபத்து' என்பதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை. தொண்டையைக் கனைப்போம்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் இரண்டு வழிகாட்டிகளை மேசையில் வைத்தேன். முதலாவது நிதானமானது, கோடு விழ முக்கால் மணி நேரம் எடுக்கும். இரண்டாவது அதில் பாதி நேரத்தில் முடித்துவிடும். ஆனால் இரண்டாவதன் முகவரி நோய்க்கிருமிக்கு மட்டுமே சொந்தமானதாக எனக்குத் தோன்றவில்லை.

"ரெண்டாவதுக்குக் கொஞ்சம் ஆர்வம் ஜாஸ்தியா இருக்குதுங்க," என்றேன்.

"ஆர்வம் நல்லதுதானுங்களே அம்மணி!" என்றார் முதலாளி.

"அதில்லீங்க. வேற எடத்துலயும் போய் உக்காந்துக்குமோன்னு..."

விற்பனை மேலாளர் குறுக்கே வந்தார். அவர் இதற்கு முன் கிரைண்டர் விற்றவர்; அரிசி ஊறுகிற நேரத்தைத் தவிர வேறு எந்தத் தாமதத்தையும் மன்னிக்காதவர். "சீக்கிரம் கோடு விழுந்தா வெவசாயி நிப்பாருங்க. முக்கா மணின்னா டீக்கடைக்குப் போயிருவாருங்க. போனவரு திரும்பி வரமாட்டாருங்க."

"லேப்ல எப்பவாச்சும் பொய்க்கோடு விழுந்துச்சுங்களா?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லீங்க."

"பொறவு என்னுங்க?"

நான் தொண்டையைக் கனைத்தேன். கூட்டக் குறிப்பில் அது பதிவாகவில்லை.

முதலாளி இருபக்கமும் பார்த்தார். யாரையும் வருத்தப்படுத்த அவருக்கு மனம் வராது. "ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்குதுங்க. அம்மன்கிட்டயே கேட்டுப்போடலாமுங்க."

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன். பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் இங்கே பல குடும்பங்களில் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எந்தப் பூவோ அதுதான் உத்தரவு. முதல் வழிகாட்டிக்கு நந்தியாவட்டை, இரண்டாவதுக்குச் செவ்வரளி என்று முடிவானது. எது சீக்கிரம் கோடு காட்டும் என்று முதலாளி மனமுருகிக் கேட்டார். செவ்வரளி வந்தது.

முனைவர் பட்டம் பெற்ற நாங்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். எங்கள் முகத்தில் அன்று தெரிந்தது பக்தி என்று முதலாளி நினைத்தார். அது நிம்மதி. முடிவு எங்களுடையதல்ல என்று ஆகிவிட்டால் ஒரு விஞ்ஞானியின் முகம் எவ்வளவு சாந்தமாகிவிடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து ஆய்வகத்தில் அந்த வழிகாட்டிக்குச் செவ்வரளி என்றே பெயர் நிலைத்தது.

இந்தச் சமயத்தில் என் மகளுக்கு வரன் கூடி வந்தது. நான் பொதுவாகவே பயந்தவள். அவள் ஸ்கூட்டரில் கிளம்பினால் ஸ்டாண்டை எடுத்துவிட்டாளா என்ற நினைப்பிலேயே எனக்குக் காலை போய்விடும். பிள்ளை வீட்டார் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. ஆனாலும் ஜாதகத்தோடு தோப்பின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். தேங்காயைவிட நாற்றுதான் அவர்களுக்குப் பிழைப்பு. தோப்பின் நடுவில் சில தாய் மரங்கள் உண்டு, அவற்றின் காய்களிலிருந்து முளைக்கும் கன்றுகளுக்குச் சுற்று வட்டாரத்தில் நல்ல பெயர். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பேசி, எங்களிடம் சொல்லாமலே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

எங்கள் கருவியை மக்கள் முன்னால் காட்டுவதற்கு ஒரு தோப்பு வேண்டும் என்ற பேச்சு பிள்ளையின் அப்பா காதுக்கு எப்படியோ போய்விட்டது.

"ஏனுங்க சம்பந்தி," என்று போனில் கூப்பிட்டார். "நம்ம தோப்பு சும்மாதான கெடக்குது. நீங்க எதுக்குங்க வெளிய அலையோணும்? நம்மூட்டு மரத்துல ஒரு நோவும் இல்லீங்க. அத மிஷினு வாயாலயே சொல்லிப்போட்டா என்ற நாத்துக்கும் நல்லதுதானுங்களே."

நான் பார்க்கலாமுங்க என்றேன். எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தான் அன்போடு கொடுப்பதைச் சம்பந்தி ஆகப்போகிறவள் மறுக்கிறாள் என்று நினைப்பதே மரியாதையாகாது என்று அந்த அர்த்தத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டார். என் கணவர் மட்டும், "உன்ற மிஷினுக்கு ஒலகத்துல வேற தோப்பே கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

விழா பிரமாதமாக இருந்தது. தோப்புக்குள் பந்தல், நாற்காலிகளுக்கு வெள்ளை உறை, வாசலில் மாவிலையும் குருத்தோலையும் கலந்து தோரணம். தலைமை விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். நோய் உள்ள மரம் தெரிந்தால் அதை அங்கேயே அறுத்து அப்புறப்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக விற்பனை மேலாளர் ஒரு மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சம்பங்கி மாலையும் போட்டு மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். "போட்டோவுக்கு நல்லாருக்குமுங்க," என்றார்.

தாய் மரங்களிலேயே மாதிரி எடுக்கச் சொன்னார் பிள்ளையின் அப்பா. தாழ்ந்து தொங்கிய ஓலைகளிலிருந்து பச்சையாகக் கிள்ளி, அரைத்து, பட்டையில் விட்டோம். விருந்தினர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பட்டையில் இரண்டு கோடு.

பந்தலே கைதட்டியது.

பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கோடுன்னா நல்ல சேதிதானுங்களே?"

அடுத்த மரம். இரண்டு கோடு. மறுபடி கைதட்டல். அதற்கடுத்த மரமும் அப்படியே. விற்பனை மேலாளரின் முகம் பூரித்துப்போயிருந்தது. "பாத்தீங்களா, ஒண்ணக்கூட விடலீங்க! நெம்ப பவர்ஃபுல்லுங்க!" முதலாளியும் புன்னகையோடு கைதட்டிக்கொண்டிருந்தார், பிள்ளையின் அப்பா கைதட்டவில்லை என்பதைக் கவனிக்கும்வரை. அதன் பிறகும் பாதியில் நிறுத்தினால் நன்றாயிருக்காது என்று இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

அதிகாரி ஒலிபெருக்கியில் விளக்கம் சொன்ன பிறகுதான் பந்தலுக்கு விஷயம் புரிந்தது. தாய் மரங்கள் அத்தனையிலும் நோய். அறுக்க வேண்டும். நாற்றுகளையும் அழித்துவிடுவது நல்லது.

பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார். துண்டை எடுத்து இன்னொரு தோளில் போட்டுக்கொண்டார். "பெரியவங்க சொன்னா சரிங்க. அறுத்துப்போடலாமுங்க. வந்திருக்கற ஒறம்பரையெல்லாம் பசியோட இருப்பாங்க. மொதல்ல சாப்புட்டுக்கலாம் வாங்க."

தன் மரங்களை அறுக்க வந்தவர்களுக்கு ஒரு மனிதர் இலை போட்டார். எங்கள் பக்கத்து மரியாதை பற்றி நான் எவ்வளவோ கிண்டல் செய்கிறேன். அன்று எனக்கு ஒரு சாப்பாட்டு நேரம் கிடைத்தது அந்த மரியாதையால்தான்.

நான் முதலாளியை ஓரமாகக் கூட்டிப்போனேன். மரங்களைப் பார்த்தால் நோய் கண்டவை போலவே இல்லை, ஓலை மடங்கவில்லை, மஞ்சள் தட்டவில்லை, இத்தனை மரமும் ஒன்றுபோல் இவ்வளவு அழுத்தமாகக் கோடு காட்டுவதே சந்தேகம் என்றேன். வழக்கமான கனைப்பு இல்லாமல், வாய்விட்டுச் சொன்னேன்: "வழிகாட்டி தப்புங்க."

அவர் என்னை மிகவும் பரிவாகப் பார்த்தார். "எனக்கும் பொண்ணு இருக்குதுங்க அம்மணி. உங்க மனசு எனக்குப் புரியாதுங்களா?"

"பொண்ணுக்காகச் சொல்லலீங்க."

"புரியுதுங்க, புரியுதுங்க."

விற்பனை மேலாளர் அவ்வளவு பரிவாக இல்லை. "கல்யாணப் பேச்சு வராதப்ப மிஷினு நல்லாத்தானுங்க இருந்துச்சு?"

பிள்ளையின் அப்பாவிடமே போனேன். அவர் பந்தியில் நின்று யாருக்கோ பொரியல் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில், "எங்களுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாமுங்க. கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. நீங்க மனச வருத்திக்காதீங்க," என்றார்.

இளையவர்களே, நெருக்கடி என்றால் உங்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் என்று நினைத்திருப்பீர்கள். என்னுடையது வேறு மாதிரி. எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த உண்மையால் முதலில் லாபம் அடைகிறவள் நானே. என் வாயிலிருந்து வந்தால் அது சம்பந்தி பாசம், என் கையால் இன்னொரு சோதனை செய்தாலும் அது கண்கட்டு வித்தை. இனி அந்தப் பந்தலில் நான் எதை நிரூபித்தாலும் அது என் மகளின் கல்யாணத்துக்குச் செய்த சீர் என்றுதான் ஆகும்.

தென்னை அல்லாத, என் கையில் இல்லாத ஒரு இலை வேண்டும். என் கை படாமல் அதை யாராவது பறிக்க வேண்டும்.

அதிகாரி பாயசத்துக்குக் காத்திருந்தார். பக்கத்தில் போய், "ஐயா, ஒரு சின்ன வழக்கமுங்க," என்றேன். "சோதனையை முடிக்கறப்ப தலைமை விருந்தினர் கையால ஒரு இலை பறிச்சுக் கொடுக்கோணும். தென்னையத் தவிர எந்த இலையானாலும் சரிங்க. உங்க கையாலயே அரைச்சுப் பட்டையில விட்டீங்கன்னா ரொம்ப விசேஷமுங்க." அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனால் விசேஷம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இலைக்கு ஒரு பட்டை, வெறும் தண்ணீருக்கு ஒரு பட்டை என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் மகிழ்ச்சியோடு கைகழுவிக்கொண்டு வந்து, வாசல் தோரணத்தில் கைக்கு எட்டிய இலையைப் பறித்தார். அது மாவிலை.

புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதிகாரி அரைத்தார், துளி விட்டார், பட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். என் குருவின் உபதேசத்தை வாழ்க்கையில் முதன்முறையாக மீறிக்கொண்டிருந்தேன். பாயசம் முடிந்து மோர் வந்தது. மோர் முடிவதற்குள் அவர் நெற்றி சுருங்கியது. தண்ணீர்ப் பட்டையில் ஒரே ஒரு கோடுதான். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார். "தென்னை நோய் மாமரத்துக்கு வருமா?"

"வராதுங்க."

"தோரணத்துக்கு?"

பிள்ளையின் அம்மாதான் முதலில் எழுந்தார். தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாழையிலையின் ஓரத்தைக் கிழித்து நீட்டினார். "இதையும் போட்டுப் பாருங்க."

இரண்டு கோடு. அதன் பிறகு விழா எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. ஒருவர் வெற்றிலையை நீட்டினார். ஒருவர் வேலியோரத்துப் பூவரசம் இலையோடு ஓடி வந்தார். இன்னொருவர், கோயிலில் கொடுத்த துளசி இது, இதையும் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எல்லாவற்றிலும் இரண்டு கோடு. விற்பனை மேலாளர் மட்டும் கடைசிவரை மனம் தளரவில்லை. "பாருங்க சார், எல்லாத்தையும் கண்டுபிடிக்குதுங்க!"

காரணம் எளியது. இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்ணுறுப்புகள் ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாக்களின் வம்சம். வாடல் நோய்க்கிருமியும் தூரத்தில் அந்த வகையறா. எங்கள் வழக்கத்தில் சொன்னால் ஒரே கூட்டம், பங்காளிகள். செவ்வரளி பங்காளி வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆய்வகத்தில் ஏன் பிடிபடவில்லை? அங்கே நோயில்லாத மாதிரிக்காக நாங்கள் இருட்டறையில் வளர்த்து வைத்திருந்த தென்னைத் திசு பால்போல் வெளுத்திருந்தது; கோடு விழும் அளவுக்கு அந்தப் பங்காளிகள் அதில் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் எல்லாம் இருந்தது, பச்சைதான் இல்லை.

அதிகாரி அவசர வேலை நினைவுக்கு வந்து கிளம்பினார். இயந்திரத்தை மாலையோடு வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளையின் அப்பா எங்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு தாம்பூலப் பை கொடுத்து வழியனுப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய், தாய் மரத்துக் காய். முதலாளியின் கையில் கொடுக்கும்போது மட்டும், "நல்லா ஆராய்ச்சி பண்ணிப்போட்டு ஒடைங்க," என்றார். அன்று அந்தத் தோப்பில் பேசப்பட்ட ஒரே கடுஞ்சொல் அது.

திரும்பி வரும்போது காரில் முதலாளி தாம்பூலப் பையை மடியிலேயே வைத்திருந்தார். கிணத்துக்கடவு தாண்டியதும் சொன்னார்: "அம்மன் தப்பா சொல்லலீங்க. எது சீக்கிரம் கோடு காட்டும்னுதானுங்க நாம கேட்டோம். எது பொய் சொல்லாதுன்னு கேக்கவே இல்லீங்களே." அவரிடம் நான் கேட்ட மிகச் சிறந்த அறிவியல் விமர்சனம் அதுதான். நீங்களும் எந்த வழிகாட்டி நல்லது என்று எந்தக் கணினியிடம் மதிப்பெண் கேட்டாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும்.

கல்யாணம் நடந்தது. பெண் சுகமாக இருக்கிறாள். வெளியில் சொல்லும்போது நான் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். உங்களிடம் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

விழா நடந்த அன்று மாலை வீட்டில் மகளிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். துளசிக்காரர் வரைக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அது வேற யாரு தோப்போவா இருந்திருந்தா, நீ அந்த மாவிலையப் பறிக்கச் சொல்லியிருப்பியாம்மா?"

"தோசை ஆறுது கண்ணு, சாப்பிடு," என்றேன்.

அவள் சாப்பிட்டாள். ஓலை மடங்கவில்லை என்பதை நான் பார்த்தது உண்மை. ஆனால் எந்தக் கண்ணால் பார்த்தேன்? விஞ்ஞானியின் கண்ணாலா, சம்பந்தியம்மாவின் கண்ணாலா? முதலாளியும் மேலாளரும் என்மேல் சொன்னது முழுப் பொய்தானா? இன்றைக்கும் கல்யாண மண்டப வாசலில் நுழையும்போது என் கை தானாகத் தோரணத்தில் ஒரு இலையைக் கிள்ளிவிடுகிறது. கிள்ளிய பிறகுதான் எனக்கே தெரிகிறது.

செவ்வரளியைத் தூக்கிப் போட்டுவிட்டு நந்தியாவட்டைக்குத் திரும்பினோம். பச்சை இலைகள் அத்தனையிலும் சோதித்து, மாங்கன்றைத் தொட்டியில் வைத்து, பல மாதம் கழித்து மறுபடி தோப்புக்குப் போனோம். இந்த முறை பந்தல் இல்லை, அதிகாரி இல்லை. உடுமலை தாண்டி ஒரு சிறு தோப்பு. தோப்புக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் இரு வீட்டுக்கும் எந்த உறவும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அவருடைய கிணற்றடி மரத்தின் அடியோலைகள் மஞ்சளாகி விலா எலும்புபோல் மடங்கியிருந்தன. பட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

கொண்டுபோயிருந்த மாவிலையைப் போட்டேன். ஒரே கோடு. பக்கத்து மரத்தைப் பார்த்தேன். ஒரே கோடு. கிணற்றடி மரத்தில் வேறு ஓலை எடுக்கச் சொன்னேன். இரண்டு கோடு. குருத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். இரண்டு. புதிய பெட்டியைப் பிரிக்கச் சொன்னபோது விற்பனை மேலாளர், "மேடம், இது யாருங்க, உங்க ரெண்டாவது பொண்ணுக்கா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெண்தான் என்பது அவருக்குத் தெரியும். நான் இன்னொரு பட்டையை எடுத்தேன். எனக்கு அந்தத் தோப்புக்காரரைக் காப்பாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. என் மகள் அன்று கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வேண்டும்.

கடைசிப் பட்டையிலும் இரண்டு கோடு.

தோப்புக்காரர் இவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்: "போதுமுங்க அம்மணி. எங்க ஊட்டாளு மாதிரி இத்தன தடவ பாத்துப்போட்டீங்க. வாங்க, ரெண்டு வாய் சாப்புட்டுட்டு அறுத்துக்கலாமுங்க."

சாப்பிட்டோம். பிறகு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அன்று யாரும் மாலை போடவில்லை.